தைக் கல்யாணத்துக்கு ஒரு பூக்கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிக் கொடுத்த பூ எஸ்டிமேட்டைப் பெண்ணின் தாய்மாமா நேற்று என் கடைக்குக் கொண்டுவந்தார். தை மாதம், காலை ஆறு முதல் ஏழரை முகூர்த்தம், மொத்தமே 70,000 ரூபாய்தான். "இதுல ஏதாச்சும் குறைக்கலாமாண்ணே?" என்று கேட்டார். தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் நீ குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்து வைத்திருக்கிறாய்.

முதலில் மல்லிகை. தூணுக்கும் மல்லிச் சரம், வரவேற்புத் தட்டுக்கும் மல்லி, ஜடைக்கும் மல்லி. தையில்! கார்த்திகையில் கவாத்து பண்ணிவிட்ட செடி, வெயில் ஏறாமல் எப்படியப்பா அரும்பு கட்டும்? பனிக்குத் தப்பி வருகிற கொஞ்சநஞ்ச அரும்புக்கும் மாட்டுத்தாவணியில் அடிதடி. கிலோ 3,000 தாண்டிய முகூர்த்தங்களை நீயும் பார்த்தவன்தான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதற்காகச் செடி தையில் பூத்துவிடாது. இதே பூவைச் சித்திரை வைகாசியில் வாங்க ஆளில்லாமல் கூவிக் கூவி விற்பார்கள்.

அதிலும் இது விடியல் முகூர்த்தம். காலையில் பறித்த அரும்பு அன்று சாயங்காலமே விரிந்துவிடும். முந்தின நாள் கட்டித் தூணில் சுற்றினால், தாலி கட்டுகிற நேரத்துக்குப் பழுப்பேறி நிற்கும். ஜடைக்கு மட்டும் மல்லி வை, பெண்வீட்டார் மனம் குளிர அது போதும். தட்டுக்குக் காக்கடா வாங்கு. மணம் கம்மிதான், ஆனால் குளிரிலும் வரத்து இருக்கும். தூணுக்குச் செவ்வந்தி, பனிக்காலம்தான் அதன் பருவம்.

அடுத்தது, என் வயிற்றெரிச்சல். மேடைக்கு ஆர்க்கிட், கார்னேஷன், ஜெர்பரா என்று 38,000 போட்டிருக்கிறாய். மணமக்கள் மாலை ஜோடி 2,500, அதுவும் 'ஜிகினா வேலைப்பாட்டுடன்'. இந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஜிகினாவும் தெர்மாகோல் உருண்டையும் எதற்கு? பூவை மிச்சம் பிடிக்கத்தானே! மேடைப் பூவைப் போட்டோக்காரரைத் தவிர யார் நின்று பார்க்கிறார்கள்? மாலை மூன்று முறை கழுத்து மாறுகிறது. கட்டிக்கொண்டு ஆசீர்வாதம் பண்ணுகிற பாட்டிகள் எத்தனை பேர்! ஜிகினாக் கம்பி அந்தப் பெண்ணின் கழுத்தைக் கீறாமல் விடுமா?

நூலில் கட்டுகிறாயா, நாரிலா? எஸ்டிமேட்டில் அது இல்லை, நூலாகத்தான் இருக்கும். நூலை இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ உதிரும். நனைத்த வாழைநார் காம்போடு படிந்து நிற்கும், ஈரமும் காக்கும். இந்த நார்ப் பேச்சை எடுத்தாலே என் கடைப் பையன்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நீ உட்கார்ந்து கேள்.

என் ஆசானுக்கு நிலக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஈரச் சாக்கில் சம்பங்கி வரும். சாக்கைப் பிரிக்க மாட்டார். மேலே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு தட்டினால் உள்ளே பூ வெந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் நான் தொழில் கற்ற காலத்தில் செல்லூரில் ஒரு நெசவாளி வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பா கையில் கொடுத்த காசு இன்றைக்கு நீ ஜிகினாவுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. வெறும் சம்பங்கி, இடையிடையே மரிக்கொழுந்து, குஞ்சத்துக்கு மட்டும் பன்னீர் ரோஜா. எல்லாம் வாழைநாரில், அவ்வளவுதான் மாலை. மறுநாள் பாக்கி வாங்கப் போனேன். மாலை தறிக்கட்டையில் தொங்கியது, சம்பங்கி அப்போதும் விறைப்பாகவே இருந்தது. பாக்கி வந்ததா என்று கேட்காதே.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம், மாவிலை, ஓரத்தில் செண்டுமல்லிச் சரம் என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்கு உனக்கு மோதிரமே போடலாம்! மதுரையில் இன்று எந்த அலங்காரக்காரருக்கு ஓலை முடையத் தெரியும்? பெரிய பெரிய கம்பெனிகள் பிளாஸ்டிக் வளைவை நிறுத்திவிட்டுப் போகிற காலத்தில், செலவே தெரியாமல் வாசலைக் கோயில் வாசலாக்கிவிட்டாய். இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு உள்ளே போனதும் என்ன ஆயிற்று என்றுதான் புரியவில்லை.

ஆர்க்கிட்டை எடுத்துவிடு. பின்னால் துணி கட்டி, மணமக்கள் உட்காருகிற இடத்தைச் சுற்றி மட்டும் பூ வை. மறுநாள் அதே மண்டபத்தில் கல்யாணம் இருந்தால் மேனேஜரிடம் பேசிப் பார். மேடைச் செலவை இரண்டு வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். தேய்பிறை முகூர்த்தமாக இருந்தால் விலையும் இறங்கியிருக்கும், ஆனால் தேதி குறித்தாகிவிட்டது. ஜோடி மாலைக்கு 6,000 எழுது. 'ஜிகினா இல்லை' என்றும் எழுது.

வாழைநார் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, என்னிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது. ராத்திரியே ஊறப்போட வேண்டும், அதனால் முந்தின நாள் எட்டு மணிக்குள் ஆளை அனுப்பு. எட்டுக்கு மேல் ஷட்டரை இறக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
மாலை கட்டும் அண்ணன்