ஈஸ்டுக்குச் சூடு, வெண்ணெய்க்குக் குளிர்

மாணவர்களே, காஜாங்கில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொடும். வெண்ணெய் உருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான். நாம் வீட்டில் செய்யும் இனிப்புக் குரோசான் பல வேளைகளில் வெறும் பன்னாகிவிட இதுவே காரணம்.

மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து, மும்மடிப்பாக மூன்று முறை மடித்தால் 3×3×3=27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகும். அடுப்புச் சூட்டில் நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கும்; ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு மாவை உப்பச் செய்யும். வெண்ணெய் முன்பே உருகி மாவில் ஊறிவிட்டால், பிரிவதற்கு அடுக்கே இராது.

ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் மாவை 30 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உருட்டிய பின், குளிரூட்டிய அறையில் சுமார் 25 டிகிரியில் உப்ப விடுங்கள். ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் அடுக்குகள் பிழைக்கும்.