‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்று ஜெர்மன்காரர் சொல்லவில்லை

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பி1. இறந்தகாலம் வந்தாலே குழம்பிப் போகிறேன். ‘இஷ் ஹாபெ கெகெஸன்’ என்றால் ‘சாப்பிட்டிருக்கிறேன்’, ‘இஷ் ஆஸ்’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்று நானாகவே வைத்துக்கொண்டேன். வகுப்பில் தப்பு என்கிறார்கள். எதை எப்போது சொல்வது?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: தப்புதான். ஆனால் நம் ஊரில் ஜெர்மன் படிக்கிறவர்களில் பாதிப் பேர் போடுகிற கணக்கு இது. ‘ஹாபெ’ என்ற துணைவினையைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் நம்முடைய ‘இருக்கிறேன்’-உம் சேர்ந்து வந்து நிற்கும். ‘நேற்று எட்டு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில்லை. சொன்னால் போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஜெர்மனிலோ ‘கெஸ்டர்ன்’ (நேற்று) என்று தொடங்கி ‘ஹாபெ இஷ் கெகெஸன்’ என்று முடிப்பதுதான் அன்றாடப் பேச்சு. வெறும் ‘சாப்பிட்டேன்’, அவ்வளவுதான்.

அப்படியானால் ‘ஆஸ்’ எதற்கு? பெரும்பாலும் எழுத்துக்கு. செய்தித்தாள், நாவல், வரலாறு எல்லாம் ப்ரெடெரிட்டும் என்ற அந்த வடிவத்தில் போகும். வாயில் வருவது பெர்ஃபெக்ட். டீக்கடையில் நின்று ‘நான் உணவருந்தினேன்’ என்றால் எப்படி இருக்குமோ, அந்த வாடை ‘இஷ் ஆஸ்’-இல் கொஞ்சம் அடிக்கும். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று பிறந்ததிலிருந்து இரண்டு தமிழோடு வாழ்கிற நமக்கு இது புதிதல்ல. பாட்டி கதை சொல்லும்போது ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்’ என்று ‘ஆம்’ போட்டுக் குரலை மாற்றுவாள் அல்லவா? அவர்கள் ‘எஸ் வார் ஐன்மால்’ என்று ப்ரெடெரிட்டுமில் ஏறி, கதை முடிகிறவரை அதிலேயே ஓட்டுவார்கள்.

ஆனால் சில வினைகள் இந்தப் பாகுபாட்டுக்குக் கட்டுப்படாது. இரு, உண்டு, முடியும், வேண்டும் என்கிற வகையறா: வார், ஹாட்டெ, கோன்ட்டெ, முஸ்ட்டெ, வோல்ட்டெ. இவை பேச்சிலும் ப்ரெடெரிட்டும்தான். நாளைக்கு ராத்திரி டூட்டி முடிந்து ஹேண்ட் ஓவர் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘ஸீ ஹாட் கூட் கெஷ்லாஃபன்’: நன்றாகத் தூங்கினார், பெர்ஃபெக்ட். ‘ஸீ ஹாட்டெ ஷ்மெர்ட்ஸன்’: வலி இருந்தது, ப்ரெடெரிட்டும். விழுந்துவிட்டாரென்றால் ‘ஸீ இஸ்ட் கெஃபாலன்’: திரும்பவும் பெர்ஃபெக்ட். ஒரே மூச்சில் இரண்டும் கலந்து வரும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கடைசி வாக்கியத்தில் ‘ஹாட்’ போய் ‘இஸ்ட்’ வந்திருப்பதைக் கவனியுங்கள். போவது, வருவது, விழுவது, தூக்கத்தில் ஆழ்வது, இறப்பது என இடமோ நிலையோ மாறினால் பொதுவாக ‘இஸ்ட்’.

நீங்கள் கேட்காத, ஆனால் எப்படியும் விழப்போகிற குழி ஒன்று உண்டு. ‘ஆடித்தபசுக்குப் போயிருந்தோம்’ என்கிறோம். போய்விட்டு வந்தோம் என்றுதான் பொருள். அதை அப்படியே ‘வீர் வாரன் கெகாங்கன்’ என்று மாற்றினால் அது ப்ளுஸ்க்வாம்பெர்ஃபெக்ட். இன்னொரு சம்பவத்துக்கு முன்பே நடந்தது என்று அர்த்தமாகும். கேட்கிறவர் ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘வீர் வாரன் பைம் டெம்பல்ஃபெஸ்ட்’, கோயில் திருவிழாவில் இருந்தோம், என்றால் போதும். (பிரஷ்யாவில் பிறந்து 1820-இல் நம் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் தமிழுக்கு இலக்கணமே எழுதினார். வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன் என்று அவரும் எத்தனை நாள் மல்லுக்கட்டினாரோ!)

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே? மியூனிக் பக்கமோ, எல்லை தாண்டி ஆஸ்திரியாவோ என்றால் பேச்சில் பெர்ஃபெக்ட்தான் ராஜா. ‘வார்’ போன்ற ஒன்றிரண்டைத் தவிர ப்ரெடெரிட்டும் காதில் விழுவதே அபூர்வம். நின்றேன் என்பதற்குப் பாடப்புத்தகம் ‘ஹாபெ கெஷ்டாண்டன்’ என்னும், அங்கே ‘பின் கெஷ்டாண்டன்’ என்பார்கள்; திருத்தப் போகாதீர்கள். ஹாம்பர்க் மாதிரி வடக்கே என்றால் ‘கிங்’ (போனேன்), ‘காம்’ (வந்தேன்) எல்லாம் பேச்சிலும் சற்று அதிகமாகவே வரும். ஊர் முடிவானதும் எழுதுங்கள்.