வேருக்கு வேண்டும் இளஞ்சூடு

‘விளையும் பயிர் முளையிலேயே தெரியும்’ என்பர் நம் முன்னோர். அந்த முளையே வெளிவராமல் விதை மண்ணுக்குள் அழுகிப் போனால் என்ன செய்வது? கடந்த ஆண்டு எனக்கு அப்படியோர் அனுபவம் ஏற்பட்டது.

பாட்டியின் பழைய வீடு கைமாறியபோது, வாசலில் நின்ற கறிவேப்பிலை மரமும் வெட்டப்படும் என்று தெரிந்தது. அம்மா பிறந்த ஆண்டில் நட்ட மரம் அது. பாட்டி அதன் கறுத்த பழங்களைப் பறித்துக்கொண்டு பங்சாரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். கறிவேப்பிலை விதையை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. காய்ந்துவிட்டால் உயிர் போய்விடும். எனவே, சதையை நீக்கிக் கழுவி, உடனே விதைத்து, என் அறையின் சன்னலோரம் வைத்தேன். தவறாமல் நீரும் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது அத்தனையும் அழுகியிருந்தன.

பாட்டி சட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடி இப்படிச் சில்லுன்னு இருந்தா வெத எப்படிக் கண்ணு எழுந்திரிக்கும்?” என்றார். மறுநாளே சென்று மரத்தில் மிஞ்சியிருந்த பழங்களைப் பறித்து வந்தார். பன்னிரண்டுதான் இருந்தன. அடுத்த வாரம் மரம் வெட்டப்பட்டது.

ரப்பர் சொல்லும் பாடம்

இன்று கட்டடங்கள் நிறைந்த பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். ‘புங்கே - கிரிசார்’ என்ற தோட்ட உரிமையாளர்களின் பெயர்களே சுருங்கிப் ‘பங்சார்’ ஆனது என்பர். அந்த ரப்பரின் கதையும் முளைக்க மறுத்த விதைகளின் கதைதான். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே சூடேற்றப்பட்ட கண்ணாடி இல்லங்களில் அவை விதைக்கப்பட்டன. முளைத்தவையோ ஏறக்குறைய 2,700 மட்டுமே. நூற்றுக்கு நான்குகூட இல்லை. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. நம் மூதாதையர் பலரை இந்நாட்டுக்குக் கொண்டுவந்த மரம், குளிர்நாட்டில் செயற்கைச் சூட்டில் முளைத்த மரம் என்பது சிந்திக்கத்தக்கது.

சூடு ஏன் தேவை?

விதைக்குள் இருக்கும் உணவை நொதிகள் கரைத்துக் கொடுத்தால்தான் முளை வளரும். மண் குளிர்ந்தால் நொதிகளின் வேலை மந்தமாகிறது. விதை ஈரத்திலேயே நெடுநாள் கிடப்பதால் பூஞ்சணம் முந்திக்கொள்கிறது. முளைத்த பின்னரும், குளிர்ந்த வேர் நீரையும் மணிச்சத்தையும் குறைவாகவே உறிஞ்சும்.

மிளகாய் விதையை எடுத்துக்கொள்வோம். மண்ணின் வெப்பம் 15 பாகை செல்சியசாக இருந்தால் முளைக்க ஏறத்தாழ 25 நாள் ஆகும். 20 பாகையில் 13 நாள். 25 பாகையில் 8 நாள் போதும். 35 பாகைக்கு மேல் போனால் பயனில்லை. இங்குக் கவனிக்க வேண்டியது காற்றின் வெப்பம் அன்று, மண்ணின் வெப்பமே.

கோலாலம்பூரில் இரவிலும் வெப்பம் மிகவும் கீழே இறங்குவது அரிது. அப்படியிருக்க, என் விதைகளுக்கு எங்கிருந்து வந்தது குளிர்? வெப்பமானியை மண்ணில் செருகிப் பார்த்தேன். குளிரூட்டி 22 என்று காட்டியது, மண்ணோ 20-தான். ஈரம் ஆவியாகும்போது மண்ணின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. சட்டியின் அடியில் இருந்த பளிங்குத் தரையும் தன் பங்குக்குச் சூட்டை இழுத்துக்கொண்டது.

தஞ்சை வயல்களில் ஊறிய விதைநெல்லைச் சாக்கில் கட்டி வைப்பதன் காரணமும் இதுதான். முளைவிடும் விதை மூச்சுவிடுகையில் சூடு பிறக்கிறது; சாக்கு அதைக் காத்து வைக்கிறது.

செய்முறை

1. முடிந்தால் சட்டியைக் குளிரூட்டி அறையிலிருந்து வெளியே எடுத்து, நிழலான மாடத்தில் வையுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால், கறுப்பு நெகிழிப்பையை நண்பகல் வெயிலில் வைத்தால் வேர் வெந்துவிடும்.

2. விடுதி அறையைத் தவிர வேறு இடமில்லையா? மீன் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றை வாங்கி வாருங்கள். அதற்குள் சட்டியை வைத்தால் தரையின் குளிர் அண்டாது.

3. தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்து, நீர் வடியும்படி நிரப்புங்கள். முளைக்கும்வரை சட்டியின் வாயை நெகிழித்தாளால் மூடுங்கள்.

4. கைபொறுக்கும் சூட்டில், அதாவது சுமார் 40 பாகையில், நீர் நிரப்பிய 1.5 லிட்டர் போத்தலைச் சட்டியின் அருகே வைத்துப் பெட்டியை மூடுங்கள். காலையும் மாலையும் நீரை மாற்றுங்கள். மண் 25 முதல் 30 பாகைக்குள் இருக்கட்டும். ரைஸ் குக்கரின் மேல் வைக்காதீர்கள். அந்தச் சூடு விதையைக் கொன்றுவிடும்.

5. முளை தெரிந்ததும் மூடியை அகற்றி வெளிச்சம் காட்டுங்கள். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள்.

இலண்டன், டொராண்டோ போன்ற குளிர்நகரங்களில் வாழும் நம் முன்னாள் மாணவர்களுக்கு மின்சூட்டு விரிப்பு உதவும். 20 வாட் விரிப்பு பத்து நாள் இடைவிடாமல் இயங்கினாலும் 4.8 யூனிட் மின்சாரமே செலவாகும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு சேர்த்து வாங்குவது நலம்.

தமிழ்ப்பள்ளியில் ‘முளைத்தல்’ என்று படித்ததை, இடைநிலைப்பள்ளியில் ‘பெர்ச்சம்பாஹான்’ என்று மலாயில் படித்துத் தேர்வில் நல்ல புள்ளியும் பெற்றேன். ஆனாலும், சட்டியின் அடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குத் தோன்றியது.

பன்னிரண்டு விதைகளையும் நுரைப்பெட்டியில் விதைத்தோம். போத்தல் நீரை மாற்றும் வேலையைப் பாட்டியே ஏற்றுக்கொண்டார். பத்தொன்பதாம் நாள் முதல் முளை தெரிந்தது. இன்று ஏழு கன்றுகள் மாடத்தில் நிற்கின்றன. நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய மரத்திலும் பழம் இருக்கலாம். மரம் இருக்கும்போதே பறித்து விதையுங்கள். சட்டியின் அடியையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.