பாதம் காப்போம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் பெரியோர். ஓடியாடும் நமக்குச் சுவர் எது? நம் பாதங்களே.

எங்கள் தென்காசியில் கோ-கோ பயிற்சி மும்முரமாகும் நாட்களில்தான் குற்றாலத்தில் சீசனும் களைகட்டும். சாரல் எங்கள் மைதானத்தையும் நனைத்துவிடும். அப்படியொரு மாலையில், எங்கள் அணியின் சிறந்த ஓட்டக்காரி கம்பத்தருகே திரும்புகையில் கால் புரண்டு விழுந்தாள். நாங்கள் என்ன செய்தோம்? ஒருத்தி வெந்நீர் ஊற்றினாள். மற்றொருத்தி எண்ணெய் தேய்த்து, சுளுக்கு எடுப்பதாகக் காலைப் பிடித்து இழுத்தாள். வீக்கம் கூடியது. போட்டி நெருங்குகிறதே என்று ஐந்தாம் நாளே அவளை ஓடச் சொன்னோம். அதே கால் மீண்டும் புரண்டது. போட்டியன்று அவள் ஓரத்தில் அமர்ந்து எங்களுக்காகக் கை தட்டினாள். எங்கள் அறியாமை அவளுக்குத் தீங்காயிற்று. அந்த வருத்தமே எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது.

கணுக்கால் புரள்வது ஏன்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. எலும்புகளைப் பிணைப்பவை தசைநார்கள். பாதம் உட்புறமாக மடங்கும்போது வெளிக்கணுவின் தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில வேளை கிழிந்தும் விடுகின்றன. இதுவே சுளுக்கு. கோ-கோவில் துரத்துபவள் எடுத்த திசையை இடையில் மாற்றலாகாது. கம்பத்தை எட்டிய பிறகே திரும்பலாம். ஓடிவந்த வேகம் முழுவதையும் அந்தத் திருப்பத்தில் ஒற்றைப் பாதம் தாங்குகிறது. மண்ணும் ஈரமாக இருந்தால் கேட்க வேண்டுமா?

வருமுன் காப்பது எப்படி?

1. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடாக்குவோம். பின் குதிகாலாலும் நுனிக்காலாலும் மாறி மாறி நடப்போம்.

2. நாள்தோறும் ஒவ்வொரு காலிலும் 30 விநாடி நிற்போம். பழகியபின் கண்களை மூடி நிற்போம். பாதம் எந்நிலையில் உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் தசைநார்களில் உண்டு. சுளுக்கினால் அவை மந்தமாகும். ஒருமுறை சுளுக்கிய கால் மறுமுறையும் எளிதில் புரள்வதற்கு இது ஒரு காரணம். ஒற்றைக்கால் பயிற்சி அந்த உணர்வைக் கூர்மையாக்கும்.

3. மைதானத்தில் கல், குழி உண்டா என்று முதலில் பார்ப்போம். ஈர நாளில் கம்பத் திருப்பம் வேண்டாம்.

4. காலணியை மாலையில் வாங்குவோம். அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். பொருந்தாத காலணிகளால் அவர் பட்ட வேதனையை நாடே அறிந்தது.

5. களைத்தபின் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று ஓடாதிருப்போம்.

அடிபட்டுவிட்டால்?

உடனே ஆட்டத்தை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, மீள்கட்டு போட வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தால் வலி தணியும். முதல் இரண்டு மூன்று நாட்கள் வெந்நீரும் எண்ணெய்த் தேய்ப்பும் கூடவே கூடாது. கணு எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, நான்கு அடி நடக்க இயலாவிட்டாலோ, எக்ஸ்ரே எடுப்பதே நல்லது. கனடா நாட்டு மருத்துவர்கள் 1992-இல் வகுத்த ஆட்டவா விதிகள் காட்டும் வழி இதுவே. குணமான காலால் வலியின்றி நொண்டியடிக்க முடிந்த பிறகே ஓடலாம். ஓடிப் பழகிய பிறகே திரும்பலாம்.

ஐந்தருவிக்குக் குளிக்கச் செல்லும்போதும் இதை மறவாதீர்கள். பாசி படிந்த பாறையில் ஒரு நொடி சறுக்கினால், அவ்வாண்டு ஆட்டமே போய்விடும்.

2025 ஜனவரியில் புதுடில்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் வென்றனர். நம் பள்ளிகளிலிருந்தும் அத்தகைய வீராங்கனையர் எழலாம். எங்கள் தோழி இப்போது மாலைதோறும் எங்களோடு ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்களைவிட அதிக நேரம் நிற்பவளும் அவளே!

சீடர்களின் பாதங்களைத் தம் கைகளாலேயே கழுவினார் நம் ஆண்டவர். அவர் மதித்த பாதங்களை நாமும் மதிப்போம். நம் பாதத்தையும் காப்போம், நம் தோழியின் பாதத்தையும் காப்போம்!