முந்தல் தாண்டும் முன்: மலையேறும் காருக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போடியிலிருந்து குரங்கணிக்குப் பதினாறு கிலோமீட்டர் சொச்சம்தான். முந்தலில் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கொட்டகுடி ஆற்றுப் பக்கமாகக் குரங்கணிக்குப் போகும். இன்னொன்று 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள போடிமெட்டுக்கு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போகும். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடிதான் கொட்டகுடிக்கு இறங்கியது. அப்படிப்பட்ட சரிவு இது. இதில்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள், வார விடுமுறைக்கு மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

காரோடு கொடுத்த சர்வீஸ் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். மலைச்சாலை, தூசி, அதிக பாரம், அடிக்கடி குறுகிய தூர ஓட்டம் என்றால் எதை எப்போது மாற்ற வேண்டும் என்று பொடி எழுத்தில் தனி அட்டவணை பெரும்பாலும் இருக்கும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து வண்டிகளுக்கு அந்த அட்டவணைதான் பொருந்தும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சமவெளிக்காரர்களுக்கு.

இந்தச் சாலையில் இன்ஜின் போனால் வண்டி நின்றுவிடும். பிரேக் போனால் நிற்காது. அதனால் பட்டியலைப் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன்.

செய்ய வேண்டியவை

• பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். குறைந்ததை ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சாரலும் பனியுமான இந்த மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இப்போதே பானெட்டைத் திறந்து அந்தச் சின்னக் குப்பியைப் பாருங்கள். புது ஆயில் வெளிறிய மஞ்சளாக இருக்கும். உங்களுடையது டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தால் நாளைக்கே ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள்.

• பிரேக் பேடின் தடிமனை ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சமவெளியில் அது இன்னும் சில மாதம் ஓடும், இங்கே சில இறக்கங்களில் முடிந்துவிடும். பின்சக்கர டிரம்மையும் கழற்றித் தூசி தட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

• ஹேண்ட்பிரேக்கைச் சரிவில் வைத்துச் சோதியுங்கள். வீட்டு வாசலில் சமதளத்தில் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை நம்பி போடிமெட்டில் டீ குடிக்க இறங்க முடியாது.

• ஏறும் கியரிலேயே இறங்குங்கள். செகண்டில் ஏறிய இடத்தில் செகண்டிலேயே இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும், பிரேக் பேடும் கூடுதல் நாள் உழைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் ‘டி’யிலேயே விட்டுவிடாதீர்கள், ‘எல்’, ‘2’, மேனுவல் மோட், எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

• டயரின் காற்றைப் போடியிலேயே, காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். ஓட்டிய சூட்டில் அளந்தால் அதிகமாகக் காட்டும், நீங்கள் தேவையில்லாமல் இறக்கிவிடுவீர்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். முழுப் பாரத்துக்கு என்று தனி அளவு போட்டிருந்தால், ஐந்து பேரும் மூட்டையுமாகப் போகும்போது அதுதான் கணக்கு. ஸ்டெப்னியையும் அப்போதே பாருங்கள்.

• டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும், நனைந்த வளைவில் வழுக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே செல்லாது. ஐப்பசி மழையில் ஏறுகிறவர்கள் மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

• கூலண்ட் மட்டத்தை வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். போடிமெட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் உங்கள் வண்டிக்கும் அதே கதிதான். மூடிக்கு ஆகும் செலவு சொற்பம், ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவு அப்படியில்லை.

• இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலையே கதி என்று ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பாக. டிப்ஸ்டிக்கைச் சமதளத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் பொய் சொல்லும்.

• டர்போ வண்டியை ஏறி முடித்த சூட்டில் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்குக்கு ஆயில் ஓடி ஆற வேண்டும்.

• 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டியை அவ்வப்போது போடி–தேனி சாலையில் ஒரே வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். சைலன்சர் வழியில் உள்ள டிபிஎஃப் கரிப்புகையைப் பிடித்து வைத்து, போதுமான சூடு வந்ததும் எரித்துவிடும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே போய்வந்தால் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் டிபிஎஃப்பையே மாற்ற நேரிடும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

• ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வீல் அலைன்மென்ட் பாருங்கள். அப்போதே லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட்டையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் திருப்பும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

• வைப்பர் ரப்பரை வருடா வருடம் மழைக்கு முன் மாற்றுங்கள், ஃபாக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. உள்பக்கக் கண்ணாடி வேர்த்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

• முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் இலைச் சருகை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும். மிதியடிக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். ஈரம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

• மழைக்காலம் முடிந்ததும் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் கழுவச் சொல்லுங்கள். ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே தகரத்தைத் தின்னும்.

• மாற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டுக் கையில் வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள். மிச்சமே ஆகாது. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். அதோடு வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும்.

• இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். ஸ்டியரிங் கல்லாகும், இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரும் தீர்ந்துவிடும்.

• இறக்கம் முழுக்கக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காதீர்கள். தேவைப்படும் இடத்தில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்காக அவசரப்படாதீர்கள்.

• சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வழியில் ஓடும் தண்ணீரைப் பிடித்துப் புகையும் பிரேக்கில் வீசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். டிஸ்க் கோணிக்கொள்ளும், அதன்பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும்.

• சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி சுற்றித் திறப்பதும் வேண்டாம். முகமும் கையும் வெந்துபோகும். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள், ஓரங்கட்டிக் காத்திருங்கள்.

• கூலண்டுக்குப் பதில் ஓடைத் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றி அப்படியே ஓட்டாதீர்கள். ஆபத்துக்கு ஊற்றியிருந்தால் கீழே வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கலவையைப் போடுங்கள். உப்புப் படிந்தால் ரேடியேட்டர் உள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

• ஏற்றத்தில் வண்டியை ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைக்காதீர்கள். முன்னால் பஸ் திரும்பும்வரை ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு நில்லுங்கள். ஏஎம்டி வண்டிக்காரர்கள் கவனியுங்கள்: பெடல் இல்லையே தவிர உள்ளே கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைச் சரிவில் தாங்கி நிறுத்தினால் அது எரியும்.

• சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். காய் எடுப்புக் காலத்தில் தொழிலாளப் பெண்களை ஜீப்பில் திணித்துக்கொண்டு போகிறார்கள். சஸ்பென்ஷன் போவது இருக்கட்டும். ஒன்பது பேருக்குக் கணக்குப் பண்ணிய பிரேக் பதினெட்டுப் பேரை இறக்கத்தில் நிறுத்தாது. வண்டி முதலாளிக்கு ஒரு டிரிப் மிச்சம், உள்ளே இருப்பவர்களுக்கு உயிரே போகும்.

• உர மூட்டையையும் மயில்துத்தத்தையும் டிக்கியில் அப்படியே போட்டு எடுத்துப் போகாதீர்கள். ஏலச்செடி அழுகலுக்குப் போர்டோ கலவை அடிக்கிற வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: சிந்திய மயில்துத்தம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்டெப்னிக் குழியில் முதலில் செம்புநிறப் பூச்சு தெரியும், அப்புறம் துரு, அப்புறம் ஓட்டை. தனித் தட்டோ தார்ப்பாயோ போட்டு ஏற்றி, அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

• தின்பண்டம், தானியம், காய் மூட்டை எதையும் ராத்திரி வண்டியில் விட்டுவைக்காதீர்கள். எலி வந்தால் ஒயரைக் கடிக்காமல் போகாது.

• கோடையில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓடி வந்த வண்டியின் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புல் பற்றிக்கொள்ளும் சூட்டில் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி மலையேற வந்த 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீயின் கதை வேறு. ஆனால் பங்குனி வெயிலில் இந்தச் சரிவில் ஒரு பொறி என்ன செய்யும் என்று ஊருக்கே தெரியும்.

• குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் என்கிற மலைக்குடியிருப்புப் பக்கமாகச் சாதாரணக் காரை ஏற்றிப் பார்க்காதீர்கள். கொழுக்குமலைக்கும் அப்படித்தான்: சூரியநெல்லியில் காரை நிறுத்திவிட்டு ஜீப்பில் போங்கள். கல்லில் ஆயில் சம்ப் தட்டினால் ஓட்டை விழும், ஆயில் வடிந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

• இறங்கும்போது ஏறுகிறவரை மறிக்காதீர்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, விதியும் அதுதான். பாரத்தோடு ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பக் கிளட்ச் படும் பாடு பெரிது.

• சரிவில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை நடுரோட்டில் விட்டுப் போகாதீர்கள். எடுத்து ஓரத்தில் போடுங்கள். மூட்டத்தில் பின்னால் வரும் பைக்காரர் அதில்தான் விழுவார்.

• இன்ஜின் ஃப்ளஷ், மைலேஜ் கூட்டும் மருந்து என்று எதையாவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அந்தக் காசுக்குப் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

• ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று பிரேக், டயர், ஸ்டியரிங் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏசி கூலிங் குறைவு, கதவுச் சத்தம், பெயிண்ட் கீறல் எல்லாம் மாசக் கணக்கில் காத்திருக்கலாம்.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது. இன்றைக்கு மூன்று போதும்: பிரேக் ஆயிலின் நிறம், டயரின் நாலு இலக்க எண், கூலண்ட் மட்டம். மூன்றுக்கும் மெக்கானிக் தேவையில்லை, வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒன்று சரியில்லாவிட்டாலும் நாளைக் காலைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் போடியில் ஒர்க் ஷாப்புக்கு விடுங்கள்.