பூங்கா மரங்களும் கரியமில வாயுவும்

"பூங்காக்கள் நகரத்தின் நுரையீரல்" என்று கட்டுரைப் போட்டிகளில் நாம் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். சற்றே யோசித்தால் சிரிப்பு வருகிறது. நம் நுரையீரல் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையல்லவா வெளியே விடுகிறது! பகலில் இலைகள் செய்யும் வேலை இதற்கு நேர்மாறானது.

கதிரவன் ஒளியில் இலைகள் கரியமில வாயுவை உள்ளிழுத்து, வேர் தரும் நீருடன் சேர்த்துச் சர்க்கரை தயாரிக்கின்றன. அதில் ஒரு பகுதியே கட்டையாகிறது. உலர்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. ஒரு கிலோ கரி சேர மூன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு தேவை. ஆகவே, உலர்ந்த எடை 1,000 கிலோ உள்ள மரம் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட வாயுவைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் கார், அம்மரம் பல ஆண்டுகள் சேமித்ததைப் பதின்மூன்றே மாதங்களில் கரைத்துவிடும்! நம்ப முடியாமல் கணக்கு டீச்சரிடம் காட்டினோம். விடை சரிதான் என்றார்கள்.

அப்படியானால் பூங்காவுக்குள்ளாவது இவ்வாயு குறைவாக இருக்குமா? வெயில் நேரத்தில், காற்று அசையாதபோது சிறிது குறையும். காற்று வீசினால் சாலைப் புகை வந்து கலந்துவிடும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. இலைகளும் மண்ணும் மூச்சு மட்டுமே விடுவதால், விடியுமுன் கூடவும் செய்யும். உலகக் காற்றில் 1958-இல் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூங்காக்களால் மட்டும் ஈடுசெய்யக்கூடிய அளவன்று இது.

பின் பூங்கா எதற்கு என்று கேட்காதீர்கள், தோழியரே. கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 270 ஹெக்டேர். சித்திரை வெயிலில் அதை ஒட்டிய சாலையில் நடந்து பாருங்கள். நிழலும், இலைகள் விடும் நீராவியும் சேர்ந்து தரும் குளிர்ச்சியை எந்தக் கணக்கும் வேண்டாமல் உடம்பே சொல்லும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை நகரமெங்கும் மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரம் மக்கினாலும் விறகாய் எரிந்தாலும் பூட்டிய வாயு மறுபடி காற்றில் சேரும். நம் வளாகத்தில் அன்று விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை விறகுக்கு விற்காமல், அப்போதைய மதர் பெஞ்சுகளாக அறுக்கச் சொன்னார்களாம். அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதினோம். கால் சற்று ஆடுகிறது. கரி உள்ளேயே இருக்கிறது.

— அறிவியல் மன்ற மாணவியர், ஒன்பதாம் வகுப்பு