மிரளும் குதிரை

மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட புசிபலஸ் என்னும் குதிரை எவரையும் தன்மீது ஏறவிடவில்லை. அடங்காக் குதிரை என்று அதனைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். மன்னரின் மைந்தன் அலெக்சாண்டரோ, அது தன் நிழலின் அசைவைக் கண்டே மிரளுகிறது என உணர்ந்தான். கடிவாளத்தைப் பற்றிக் கதிரவனை நோக்கி அதனைத் திருப்பினான். நிழல் பின்னே சென்றது. சற்றுத் தொலைவு உடன்நடந்து, தடவிக்கொடுத்து, மேலாடையை மெல்ல நழுவவிட்டு ஏறி அமர்ந்தான் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார்.

குதிரை, பகைவிலங்குகளிடமிருந்து ஓடியே உயிர்காத்த இனம். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை வரை காண வல்லது. பழக்கமற்ற இளங்குதிரைக்கு வேலியில் படபடக்கும் கந்தல்துணியும் பகையாகவே தோன்றும்.

அவ்வேளையில் சாட்டையை நாடுவோரே மிகுதி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூலியற்றிய கிரேக்கர் செனபோன் இதனைக் கண்டித்தார். அஞ்சும்போது அடித்தால், அவ்வலியும் அப்பொருளாலேயே விளைந்தது எனக் குதிரை கருதிவிடும் என்பது அவர் கூறும் காரணம். எவ்வளவு நுட்பமான கணிப்பு! பொருளைத் தாமே தொட்டுக்காட்டி, குதிரையை மெல்ல அருகே நடத்திச் செல்லுமாறு அவர் அறிவுறுத்துகிறார்.

இக்காலப் பயிற்சியாளர், அமைதியான முதிர்ந்த குதிரையொன்றை முன்னே நடக்கவிட்டு இளங்குதிரையைப் பின்தொடரச் செய்வதும் உண்டு. ஏறியிருப்பவரின் உடல் இறுகினால் அதனையும் குதிரை அறியும். அது தலைதாழ்த்தி, அஞ்சிய பொருளை முகர்ந்து பார்க்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்கு ஒரு முற்பகல் முழுதும் ஆகலாம்.